கிழங்குத் தழை தின்ற ஆடுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

தை மாதக் கடைசி. மதியம் பன்னிரண்டரை மணி இருக்கும். கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசிக் கணக்கை எழுதி முடித்துச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்த நேரம் போன் அடித்தது. சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்தில் ஒரு காட்டுக்கொட்டாய். "சார், ஆடெல்லாம் பொத்துப் பொத்துனு வுழுவுது. மருந்து வெச்சுட்டாங்க சார்." பேசியது ஒரு பையன். பின்னால் ஒரு பாட்டியின் அழுகுரல் கேட்டது. நானும் உதவியாளரும் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

மொத்தம் 14 வெள்ளாடுகள். பெரும்பாலும் சேலம் கருப்பு. கொம்பிலிருந்து குளம்பு வரை ஒரே கருப்பு. மூன்று ஏற்கெனவே செத்துக் கிடந்தன. நான்கு படுத்த வாக்கில் கால்களை உதைத்துக்கொண்டிருந்தன. இரண்டு நின்றன, ஆனால் பின்னங்கால் தள்ளாடியது. மீதி ஐந்தும் பட்டியிலேயே கட்டிக் கிடந்த குட்டிகளும் தாய்களும், அவற்றுக்கு ஒன்றுமில்லை.

பாட்டி என்னைப் பார்த்ததும் வரப்புக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். "அவந்தான் சாமி. முந்தாநாளு மருந்து அடிச்சான். வரப்புல ஊத்திட்டான்." பக்கத்துக் காடு பங்காளியுடையது. வரப்புத் தகராறு பல வருஷமாக இருக்கிறதாம். பையன் கையில் போன். காவல் நிலையத்துக்கு அடிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு பக்கம் உயிர் போய்க்கொண்டிருக்கும் ஆடுகள், இன்னொரு பக்கம் கேஸாகப் போகும் ஒரு சந்தேகம். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருந்தது: உடம்பின் வேதிவினைகளை நடத்தும் எந்த நொதி (என்சைம்) நின்றுபோயிருக்கிறது?

சந்தேகம் சும்மா வந்ததல்ல. 2020இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்த பிறகு குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, மருந்து அடிப்பது கூடிவிட்டது. பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் வகை ஆட்டின் உடம்புக்குள் போனால் எச்சில் ஒழுகும், தசை துடிக்கும், மூச்சு திணறும். என் முன்னால் கிடந்த ஆடுகளுக்கும் எச்சில் ஒழுகியது, தசை துடித்தது, மூச்சு திணறியது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றேதான்.

கிட்டே போனேன். ஒரு பெட்டையின் கண்ணில் டார்ச் அடித்தேன். கண்பாப்பா அகல விரிந்து கிடந்தது. பூச்சிமருந்து என்றால் ஊசிமுனை மாதிரிச் சுருங்கியிருக்க வேண்டும். கண் இமையின் உட்புறத்தை மடித்துப் பார்த்தேன். மூச்சு முட்டும் ஆட்டுக்கு அது நீலம் பாய்ந்திருக்க வேண்டும். இதற்கோ செம்பருத்திப் பூ நிறம். ஈறும் அப்படித்தான். கழுத்துச் சிரையில் ஊசி ஏற்றியபோது வந்த ரத்தம் தமனி ரத்தம் மாதிரிப் பளீரென்று சிவந்திருந்தது.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைய இருக்கிறது. உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. இப்படி ஒரு நிலைக்கு எங்கள் பக்கத்தில் முதலில் நினைக்க வேண்டிய பெயர் சயனைடு. நிமிர்ந்து பார்த்தேன். வரப்போரம் இடுப்புயரத்துக்கு மரவள்ளித் தழை குவிந்து கிடந்தது. முந்தின நாள் கிழங்கு பிடுங்கி லோடு ஏற்றியிருக்கிறார்கள். குச்சிகளைக் கட்டி வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கொழுந்தும் தழையுமாகக் கழித்ததை வரப்பில் குவித்திருக்கிறார்கள். குவியலின் ஒரு பக்கம் மொட்டையாக மேயப்பட்டிருந்தது.

"ஆடு எப்ப அவுத்து வுட்டீங்க ஆத்தா?"

"பதினொன்ற இருக்கும். காலைல கெடா வெட்டுக்குப் போயிட்டோம் சாமி. நேத்தும் சரியா மேயல. அவுத்ததும் ஓடிப் போயி அதுலதான் வுழுந்துச்சுங்க."

பசி. அதைக் குறித்துக்கொண்டேன், பின்னால் தேவைப்படும்.

வைத்தியம் அதற்குள்ளேயே தொடங்கிவிட்டது. சயனைடுக்கான மருந்து சோடியம் தயோசல்பேட், கிலோ எடைக்கு 500 மில்லிகிராம் கணக்கு. 20 கிலோ ஆட்டுக்கு 10 கிராம், அதாவது 20 சதவீதக் கரைசலில் 50 மில்லி, சிரைவழியாக மெதுவாக. பாடப்புத்தகம் சோடியம் நைட்ரைட்டையும் சேர்த்துச் சொல்லும். எங்கள் பெட்டியில் அது இல்லை. இருந்திருந்தாலும் துடிக்கும் ஆட்டுக்கு அதைக் கைநடுக்கம் இல்லாமல் ஏற்றியிருப்பேனா என்பது சந்தேகம்தான். நைட்ரைட் ரத்த அழுத்தத்தை இறக்கும், அளவு தப்பினால் அதுவே கொல்லும். தள்ளாடிய இரண்டுக்கும் தயோசல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து வாய்வழியாகக் கொடுத்தோம், நின்றுகொண்டு விழுங்க முடிந்ததால் மட்டும். கீழே கிடந்தவற்றின் வாயில் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. பையன் சொம்பில் புளித்த மோரோடு வந்தான், தடுத்துவிட்டேன். மூச்சுத் திணறும் ஆட்டுக்கு எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குத்தான் போகும்.

இந்தத் தயோசல்பேட் வேறொன்றுமில்லை, பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் இருந்த ஹைப்போ உப்புதான். பிலிம் காலத்தில் மருந்து தீர்ந்தால் ஸ்டூடியோக்காரரிடம் ஓடிய மூத்த டாக்டர்கள் உண்டு. இப்போது ஸ்டூடியோவில் ஹைப்போ கிடையாது; மீன்தொட்டிக் கடையில் குளோரினை நீக்கப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். வாய்வழிக்கு அவசரத்தில் அது உதவும். சிரைக்கு ஏற்ற அது ஆகாது.

படுத்திருந்த நான்கில் ஒன்று ஊசி பாதியில் இருக்கும்போதே போய்விட்டது. மற்ற மூன்றில் முதலாவது இருபது நிமிடத்தில் தலையைத் தூக்கியது. மூன்று மணிக்கு மூன்றும் எழுந்து நின்றன. கடைசிக் கணக்கு: 14இல் 4 சாவு, 5 பிழைத்தவை, 5 தொடாதவை.

இனி, உள்ளே என்ன நடந்தது என்பது.

நொதி என்ற சொல் நமக்கு நொதித்தலிலிருந்து வந்தது. மாவு நொதிக்கிறது, கள் நொதிக்கிறது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1870களில் வில்ஹெல்ம் கூனே என்ற ஜெர்மானியர் கிரேக்கத்தில் 'ஈஸ்ட்டுக்குள்' என்று பொருள்படும் என்சைம் என்ற பெயரை வைத்தார். ஈஸ்ட் உயிரோடு இருந்தால்தான் நொதிக்கும் என்ற நம்பிக்கையை 1897இல் எடுவார்ட் புக்னர் உடைத்தார். ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த சாறே சர்க்கரையை நொதிக்க வைத்தது. வேலை செய்வது ஒரு பொருள், அதைச் செல்லுக்கு வெளியே எடுத்தாலும் வேலை செய்யும். 1926இல் ஜேம்ஸ் சம்னர் வாள் அவரையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக்கி, அது புரதம் என்று காட்டினார். ஒரு வேதிவினை தானாக நடக்க நாள்கணக்கில் ஆகும் என்றால், நொதி அதை நொடியில் முடித்துவிட்டு, தான் செலவாகாமல் அடுத்த மூலக்கூறுக்குப் போகும். அவ்வளவுதான் இலக்கணம்.

பாட்டியின் வரப்புக்கு இன்னும் நெருக்கமான வரலாறு 1837இல் இருக்கிறது. ஜெர்மன் வேதியியலாளர்கள் லீபிக்கும் வோலரும் கசப்புப் பாதாமை ஆராய்ந்தார்கள். அதில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது, சும்மா இருந்தால் சாது. கூடவே பாதாமில் இருக்கும் எமல்சின் அதைத் தொட்டதும் சர்க்கரையும் மணமும் சயனைடும் பிரிந்தன. 1894இல் எமில் பிஷர், எந்தச் சாவி எந்தப் பூட்டைத் திறக்கும் என்று நொதிகளை விளக்கிய புகழ்பெற்ற உவமைக்கு ஆதாரமாக இருந்தவற்றில் இந்த எமல்சினும் ஒன்று.

மரவள்ளியிலும் இதே ஏற்பாடுதான். தழையில் சயனைடு என்று தனியாக எதுவும் கிட்டத்தட்ட இல்லை. இருப்பது லினமாரின்: ஒரு சர்க்கரையோடு கட்டி வைத்த சயனைடு. அது செல்லின் நடுவே உள்ள நீர்ப்பையில் கிடக்கிறது. அதை அவிழ்க்கும் நொதியான லினமாரேஸ் செல்சுவரில் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு அறை, நடுவில் சுவர். ஆட்டின் கடைவாய்ப் பல் அந்தச் சுவரை இடிக்கிறது. லினமாரேஸ் சர்க்கரையை வெட்டி எடுக்கிறது; மிச்சம் அசிட்டோன் சயனோஹைட்ரின். அது சூட்டிலோ, இலையில் உள்ள இன்னொரு நொதியாலோ உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகிறது. செடி இதைச் செய்வது ஆட்டைக் கொல்வதற்காக அல்ல, கடித்ததும் துப்ப வைப்பதற்காக. ஆனால் பசித்த ஆடு துப்பாது.

மென்றதோடு முடியவில்லை. ஆட்டின் முதல் வயிறு ஒரு வெதுவெதுப்பான நொதித் தொட்டி. அங்குள்ள நுண்ணுயிரிகளிடமும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. பன்றி, குதிரை போன்றவற்றின் வயிற்று அமிலம் இந்த நொதிகளை ஓரளவு முடக்கும். அசைபோடும் விலங்குக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே ஆடும் மாடும்தான் முதலில் விழும். சயனைடு கண்ட ஆட்டுக்கு வினிகர் கலந்த தண்ணீர் கொடுக்கச் சொல்வதும் இதனால்தான். புளிப்பு ஏறினால் நொதி தளரும். அந்தப் பையனின் மோருக்குப் பின்னால் நியாயம் இருந்தது, நேரம்தான் தவறு.

அளவு எவ்வளவு? அசைபோடும் விலங்குக்குக் கிலோ எடைக்கு சுமார் 2 மில்லிகிராம் சயனைடு கொல்லும் அளவு. 20 கிலோ ஆட்டுக்கு 40 மில்லிகிராம். பச்சைத் தழையில் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் வரை இருக்கும். இரண்டு மூன்று கைப்பிடி போதும் என்று கணக்கு வருகிறது.

உள்ளே போன சயனைடு எங்கே பிடிக்கிறது என்றால், செல்லின் மூச்சு முடியும் இடத்தில். சைட்டோக்ரோம் ஆக்ஸிடேஸ் என்ற நொதிதான் நாம் இழுக்கும் ஆக்ஸிஜனைக் கடைசியாகக் கையில் வாங்கித் தண்ணீராக்குகிறது. அதன் நடுவில் இரும்பு. அந்த இரும்பை சயனைடு கவ்விக்கொள்கிறது. வாசலில் நெல் மூட்டை வந்து குவிகிறது, இறக்க ஆளில்லை. அதனால்தான் சிரை ரத்தமும் சிவப்பு. சயனைடும் கார்பன் மோனாக்ஸைடும் இப்படி முடக்குவதை வைத்துத்தான் ஓட்டோ வார்பர்க் அந்த மூச்சு நொதியில் இரும்பு இருப்பதை நிறுவினார். 1931இல் நோபல் பரிசு. விஷத்தை வைத்து நொதியைக் கண்டுபிடித்த கதை.

பூச்சிமருந்து அடைப்பது வேறொரு நொதியை. நரம்பு தசைக்குக் கட்டளை கொடுத்த பிறகு அந்தக் கட்டளையைத் துடைத்தழிக்கும் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ். துடைக்க ஆளில்லாமல் கட்டளை ஓயாது ஒலிப்பதால் பாப்பா சுருங்குகிறது, எச்சில் கொட்டுகிறது. மனிதர்கள் மருந்து குடித்துவிட்டு வந்தால் சேலம் ஆஸ்பத்திரிகளில் ரத்தத்தில் கோலின் எஸ்டரேஸ் அளவு பார்ப்பது இதற்குத்தான். அட்ரோபின் அங்கே உயிர் காக்கும். சயனைடுக்கு அது உதவாது. அன்றைக்கு நான் பாட்டியின் பேச்சை நம்பி அட்ரோபினில் நேரத்தைக் கழித்திருந்தால் படுத்துக் கிடந்த நான்கும் போயிருக்கும். நொதியை அடைப்பதெல்லாம் விஷம்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பிரின் செய்வதும் ஒரு நொதியை அடைப்பதுதான். எதை, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதில் மருந்தும் விஷமும் பிரிகின்றன.

மூன்றாவது நொதிதான் எனக்குப் பிடித்தது. ரோடனேஸ். 1933இல் குர்ட் லாங் கண்டறிந்தது. கல்லீரலில் ஏராளமாக இருக்கிறது, ஆட்டுக்கும் நமக்கும். சயனைடின் மேல் ஒரு கந்தக அணுவை ஒட்டித் தயோசயனேட் ஆக்கிவிடும். சயனைடோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் தொல்லையில்லாதது, சிறுநீரில் போய்விடும். நொதிக்குக் குறையில்லை, கந்தகம்தான் தட்டுப்பாடு. தயோசல்பேட் ஊசி விஷத்தை நேரடியாக முறிப்பதில்லை, ரோடனேஸின் கையில் கந்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. கொத்தனார் நிற்கிறார், சித்தாள் செங்கல் எடுத்துத் தருகிறாள், அந்த மாதிரி.

ஊரே கேட்ட கேள்விக்கும் இதில்தான் பதில். "வருஷா வருஷம் தின்னுதே சார், இந்த வருஷம் மட்டும் ஏன்?" மெதுவாக, பத்து வேறு செடிக்கு நடுவே தழையைக் கடிக்கும் ஆட்டில் ரோடனேஸ் வரவுக்கு ஏற்பச் செலவு செய்துவிடும். ஒன்றரை நாள் பட்டினி கிடந்த ஆடு பத்து நிமிடத்தில் வயிற்றை நிரப்பினால் கந்தகம் எட்டாது. சயனைடில் மொத்த அளவைவிட வேகம் முக்கியம்.

இதையெல்லாம் சொல்வது சுலபம். பாட்டிக்கு நிரூபிக்க வேண்டும். பையனின் விரல் இன்னும் போன் மேலேயே இருந்தது. செத்த ஆடு ஒன்றை அறுத்தோம். ரத்தம் சிவப்பு, உறைய நேரமெடுத்தது. வயிற்றைத் திறந்ததும் உதவியாளர், "பாதாம் பால் வாசம் அடிக்குது சார்" என்றார். எனக்கு அடிக்கவில்லை. சயனைடின் வாசனை சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது. நான் அந்த ஜாதி. மூக்கை நம்பாமல் தாளை எடுத்தேன்.

பிக்ரேட் தாள் என்பது பிக்ரிக் அமிலமும் சோடாவும் கலந்த நீரில் நனைத்த மை ஒற்றும் தாள். மஞ்சளாக இருக்கும். (பிக்ரிக் அமிலத்தைப் புட்டியில் காயவிடக் கூடாது, வெடிக்கும். ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.) மாத்திரைப் புட்டியில் வயிற்றுத் தழை கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம், மேலே மூடியில் தாளைத் தொங்கவிட்டு இறுக்கினேன். சட்டைப் பையில் வைத்தால் உடம்புச் சூட்டில் வேகமாக வரும். ஐந்து நிமிடத்தில் மஞ்சள் ஆரஞ்சானது. பத்தாவது நிமிடம் செங்கல் நிறம். இன்னொரு புட்டியில் வரப்புக் குவியலின் தழையைக் கசக்கிப் போட்டிருந்தேன். அதுவும் செங்கல். மூன்றாவதில் பங்காளி காட்டு வரப்புப் புல். மஞ்சள் மாறவே இல்லை. புல்லில் பூச்சிமருந்து இருக்கிறதா என்பதை இந்தத் தாள் சொல்லாது என்பதையும் சொல்லிவிட்டேன். அதைச் சொன்னது ஆட்டின் கண்.

பையன் போனைப் பையில் போட்டான்.

பாட்டி புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நாங்க திங்கற கெழங்கு?"

நியாயமான கேள்வி. சேலத்தில் இருந்துகொண்டு குச்சிக்கிழங்கை விஷம் என்றால் அடிக்க வருவார்கள். கிழங்கின் சதையில் லினமாரின் தழையைவிடவும் தோலைவிடவும் குறைவு. வீட்டுக்கு வேகவைக்கும் இனங்களில் இன்னும் குறைவு. தோலை உரித்து, வெட்டி, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து நீரை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். கொதிக்கிற நீரில் பெரிய துண்டுகளைப் போட்டால் நொதி உடனே வெந்து செத்துவிடும், லினமாரின் அப்படியே உள்ளே நிற்கும். குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றினால், சூடேறும் வரை நொதி தன் வேலையைச் செய்யும். சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் கிழங்கைக் கூழாக அரைக்கும்போது எல்லாச் சுவரும் இடிந்துவிடுகிறது; தொட்டித் தொட்டியாகக் கழுவும் நீரோடும் களத்து வெயிலோடும் சயனைடு போய்விடுகிறது. மாட்டுக்குப் போகும் சக்கையான திப்பியும் அரைத்துக் கழுவிக் காய்ந்ததுதான் என்பதால் பச்சைத் தோல் அளவுக்குப் பயமில்லை.

ஆப்பிரிக்காவில் காங்கோ, மொசாம்பிக் பக்கம் பஞ்ச காலங்களில் கசப்பு மரவள்ளியையே அரைகுறையாகப் பக்குவம் செய்து, பருப்பு மீன் எதுவும் இல்லாமல் தின்ற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் கால் விறைத்துப்போகும் கோன்சோ என்ற நோய் வந்தது. புரதம் இல்லை என்றால் கந்தகம் இல்லை. கந்தகம் இல்லை என்றால் ரோடனேஸ் சும்மா நிற்கிறது. அதற்கு ஆஸ்திரேலியாவில் ஹோவர்ட் பிராட்பரி கண்ட வழி அழகானது: மாவில் தண்ணீர் தெளித்து, மெல்லிசாகப் பரப்பி, நிழலில் ஐந்து மணி நேரம் விடு. காய்ந்த மாவில் தூங்கும் லினமாரேஸ் ஈரம் பட்டதும் எழுந்து வேலையை முடித்துவிடும்.

இந்தக் கடைசிச் செய்திதான் பாட்டியோடு ஒரு சின்னச் சோதனைக்குக் கொண்டுபோனது. தழையைக் காயவைத்துப் போடலாம் என்று ஊரில் சொல்வார்கள். எப்படிக் காயவைப்பது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பங்கை முழுத் தழையாகவே கூரைமேல் வெயிலில் போடச் சொன்னேன். இன்னொரு பங்கை அரிவாள்மனையில் பொடியாக நறுக்கி, நிழலில் ஒரு ராத்திரி குவித்து வைத்து, பிறகு வெயிலில். நான்காம் நாள் பிழைத்த ஆடுகளைப் பார்க்கப் போனபோது இரண்டையும் புட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டோம். முழுத் தழை சருகாக நொறுங்கியது, ஆனாலும் ஒரு மணி நேரத்தில் தாள் நன்றாகச் சிவந்தது. வெயில் ஈரத்தை வேகமாக உறிஞ்சிவிட்டதால் நொதிக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஆட்டு வயிற்றின் ஈரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்கும். நறுக்கிய தழையில் தாள் லேசாகப் பழுத்ததோடு நின்றது.

பாட்டி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது தேவல. ஆனா எனக்கு வேண்டாஞ்சாமி. அடுப்புக்கே போவட்டும்."

கிளம்பும்போது, பங்காளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர் மேல் தப்பில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிட்டதே என்றேன்.

"அது ஆட்டுக் கணக்கு," என்றார். "வரப்புக் கணக்கு வேற."